சட்டம் படித்தவர்களுக்கு வேலை உண்டு. முதல் மூன்று வருடம் யார் சோறு போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்காக உங்கள் நாளிதழில் வந்த வழிகாட்டிப் பக்கத்தில், சட்டம் படித்தால் நீதிபதி ஆகலாம், அரசு வழக்கறிஞர் ஆகலாம், வங்கியில் சட்ட அதிகாரி ஆகலாம், கம்பெனிகளில் ஆலோசகர் ஆகலாம் என்று போட்டிருந்தீர்கள். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் பட்டம் வாங்கிய நாளுக்கும், அந்த நாற்காலிகளில் ஒன்றில் போய் உட்காரும் நாளுக்கும் நடுவில் சில வருடங்கள் கிடக்கின்றன. அந்த வருடங்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வக்கீல் இல்லை. கோபிசெட்டிபாளையத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். மெஷின் காலத்திலேயே தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் இரண்டும் பாஸ் செய்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள். பிராது, எதிருரை, அஃபிடவிட், வக்கீல் நோட்டீஸ், கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, உயில் என்று என் கைபடாத தாள் வகை குறைவு. இப்போது இ-ஃபைலிங் வந்த பிறகு ஸ்கேன் செய்வதும் சேர்ந்துகொண்டது. சீனியர் வக்கீல்கள் பெரும்பாலும் ஃபோனில்தான் பேசுவார்கள். கடையில் வந்து உட்கார்ந்து, வரிக்கு வரி பார்த்து, பிழை திருத்தி வாங்கிக்கொண்டு போவது அவர்களிடம் தொழில் பழகுகிற ஜூனியர்கள். அவர்களில் யார் நிலைத்தார்கள், யார் இரண்டு தீபாவளிக்குள் காணாமல் போனார்கள் என்பது எனக்குத் தெரியும்.

சமீபத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாட்டுத் தீவன வியாபாரிக்கு வர வேண்டிய ஏழு லட்சத்துக்கான செக், கணக்கில் பணமில்லை என்று பாங்கிலிருந்து திரும்பிவிட்டது. சீனியர் அன்றைக்கு ஈரோடு கோர்ட்டில் இருந்தார். ஜூனியர் பெண், பதிவு செய்து ஒரு வருடம் ஆகியிருக்கும், வழக்குக் கட்டோடு கடைக்கு வந்தாள். கையில் இன்னும் நாலைந்து வேலை இருந்தது. உட்கார்ந்ததும் பாங்கு மெமோவைப் பார்த்தாள், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். "அக்கா, மத்ததெல்லாம் அப்பறம் அடிச்சுக்கலாங்க, இத மொதல்ல போடுங்க. மெமோ வந்ததுல இருந்து முப்பது நாளைக்குள்ள நோட்டீஸ் போயாகணும், இன்னையோட முடியுதுங்க" என்றாள். செக்கின் மூன்று மாத ஆயுளும் முடிந்திருந்தது, மறுபடி பாங்கில் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. செக் நம்பர், தேதி, கிளை, என்ன காரணம் எழுதித் திருப்பினார்கள், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டச் சொல்லும் வாசகம், எல்லாவற்றையும் எந்தப் புத்தகமும் பார்க்காமல் சொன்னாள். எதிராளி பார்ட்னர்ஷிப் ஃபர்ம் என்பதால், ஃபர்முக்கு ஒன்று, கையெழுத்துப் போட்ட பங்குதாரருக்கு ஒன்று, இன்னொரு பங்குதாரருக்கு ஒன்று என்று மூன்று பிரதி எடுக்கச் சொன்னாள். தபாலாபீஸ் கவுண்டர் மூடுவதற்குள் ஓடிப் போய் அனுப்பிவிட்டு, ரசீதைக் கொண்டுவந்து ஜெராக்ஸ் எடுத்துக் கட்டில் கோத்து வைத்தாள்.

ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால் அந்த வியாபாரி செக் வழக்கே போட்டிருக்க முடியாது. பணம் வேண்டுமென்றால் கோர்ட் ஃபீஸ் கட்டி சிவில் கேஸ்தான். அப்படிக் காப்பாற்றிக் கொடுத்த பெண்ணுக்கு அந்த வாரம் கிடைத்தது, தபால் செலவு போக, 200 ரூபாய். நம்பியூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பிள்ளை அது.

ஜூனியர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் எனக்குச் சொல்லவே சங்கடமாக இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் சீனியர் பையில் கைவிட்டு எடுத்துக் கொடுப்பதுதான் சம்பளம். பெட்ரோலுக்கு, டிபனுக்கு, தீபாவளிக்குத் துணிக்கு என்று அதற்குப் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். ஒன்றாம் தேதி இவ்வளவு என்று சொல்லிக் கொடுக்கும் ஆபீஸ்களும் இருக்கின்றன. அந்த ஆபீஸ்களில் ஜூனியர்கள் வருடக்கணக்கில் நிலைத்து நிற்கிறார்கள் என்பதையும் பார்க்கிறேன்.

சீனியர்களை மட்டும் குறை சொல்லி முடித்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. தாலுகா ஊரில் வக்கீலுக்கு வருமானம் வாய்க்கால் தண்ணீர் மாதிரி, முறை வைத்துத்தான் வரும். விபத்து வழக்கில் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கட்டிய பிறகுதான் ஃபீஸ். பாகப்பிரிவினை வழக்கில் கட்சிக்காரர் மஞ்சள் விற்றுத் தருகிறேன் என்பார், விலை ஏறட்டும் என்று மஞ்சள் குடோனிலேயே கிடக்கும். அதெல்லாம் நிஜம். ஆனாலும் முப்பது வருடம் தொழில் பார்த்தவர் அந்த இழுபறியைத் தாங்குவதும், அப்பாவுக்குத் தறிக் கூலியை விட்டால் வேறு வருமானம் இல்லாத 24 வயசுப் பிள்ளை தாங்குவதும் ஒன்றா?

இதைப் பற்றி மேலே யாருக்கும் தெரியாமல் இல்லை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாகக் கொடுக்க வேண்டும், அதற்கு, வழக்கறிஞர்களைப் பதிவு செய்கிற தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்றது. அன்றைக்குக் கடையில் ஒரு தம்பி அந்தச் செய்தியை ஃபோனில் காட்டி, "அக்கா, நமக்குப் பதினஞ்சாயிரமுங்க" என்று சிரித்தான். அதே வருடம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று எழுதியது. ஆனால் அது பரிந்துரை. கொடுக்காவிட்டால் கேட்பாரில்லை. கோபி, பவானி, சத்தி, பெருந்துறை என்று நான் பழகிய ஜூனியர்களில் மாதம் 15,000 முழுசாக வாங்குகிறேன் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

ஏழைக் குடும்பத்து இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய், இரண்டு வருடம் என்று தமிழக அரசின் உதவித்தொகைத் திட்டம் 2020-இல் வந்தது. நல்ல திட்டம்தான். ஆந்திரத்தில் அதற்கு முந்தைய வருடமே மாதம் 5,000 ரூபாய், மூன்று வருடம் என்று தொடங்கினார்கள். மூன்று வருடம் என்ற அந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்று அடுத்துச் சொல்கிறேன்.

2025 மே 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், நீதிபதி வேலையின் முதல் படியான உரிமையியல் நீதிபதி தேர்வு எழுத குறைந்தது மூன்று வருடம் வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை மறுபடி கொண்டுவந்தது. நடுவில் பல வருடங்கள் அப்படி இல்லை. 2023-இல் டி.என்.பி.எஸ்.சி. 245 உரிமையியல் நீதிபதி இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டபோது, கல்லூரியை விட்டு அப்போதுதான் வந்த பிள்ளைகளும் விண்ணப்பித்தார்கள். இனி வரும் அறிவிப்புகளுக்கு அது நடக்காது. கோர்ட்டையே பார்க்காமல் நேராக நீதிபதி நாற்காலிக்கு வருபவர்கள் சிரமப்படுகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். கோர்ட் வாசலில் பிழைக்கிற எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. வாய்தாவுக்கு வந்து காத்துக் கிடக்கிற பாட்டியின் முகத்தைப் பார்த்தவர் நீதிபதி ஆகட்டும். தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்தே அந்த மூன்று வருடத்தை எண்ணலாம் என்றதும், நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக வேலை பார்த்த காலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றதும் நல்லதே.

சிக்கல் எங்கே என்றால், அந்த மூன்று வருடத்துக்குச் சான்றிதழ் வேண்டும். அந்தக் கோர்ட்டின் முதன்மை நீதித்துறை அதிகாரி கொடுக்கலாம். இல்லையென்றால் பத்து வருடமாவது தொழில் செய்த வக்கீல் கொடுத்து, அதன் மேல் மாவட்டத்தின் முதன்மை நீதித்துறை அதிகாரி ஒப்பம் போட வேண்டும். நடைமுறையில் ஜூனியர் யாரிடம் போய் நிற்பான்? தன் சீனியரிடம்தான். முன்பு சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்றால் வேறு ஆபீஸ் மாறலாம், வாய் திறந்து கேட்கவாவது செய்யலாம். இப்போது கேட்டால் சான்றிதழ் என்ன ஆகுமோ என்ற பயம் வந்துவிட்டது. நான் யாரையும் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. பயம் இருக்கிறது, என் கடை பெஞ்சில் உட்கார்ந்து மெதுவான குரலில் அதைப் பேசிக்கொள்கிறார்கள். உச்ச நீதிமன்றம் மூன்று வருடத்தைக் கட்டாயம் ஆக்கியது. அந்த மூன்று வருடத்துக்கான 15,000 ரூபாயை யாரும் கட்டாயம் ஆக்கவில்லை. இரண்டும் சேர்ந்து வந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம்.

அந்தப் பயத்துக்கு ஒரு மருந்து எங்கள் டைப்பிங் கடையிலேயே இருக்கிறது. வக்காலத்து, அதாவது இந்த வழக்குக்கு இவர்தான் வக்கீல் என்று கோர்ட்டில் கொடுக்கிற தாள், அடிக்கும்போது பல ஆபீஸ்களில் சீனியர் பெயர் மட்டும் போடச் சொல்வார்கள். ஜூனியர் வாய்தா வாய்தாவாக நின்றிருப்பான், பிராதையே அவன்தான் எழுதியிருப்பான், ரெக்கார்டில் அவன் பெயர் இருக்காது. கட்சிக்காரர் நாளைக்கு ஜூனியர் பின்னால் போய்விடுவார் என்ற எண்ணம் சிலருக்கு. சீனியர் பெயருக்குக் கீழே இன்னொரு வரியில் ஜூனியர் பெயரும் பதிவு எண்ணும் போட்டுவிட்டால், அவன் எத்தனை வழக்கில் ஆஜரானான் என்பதற்குக் கோர்ட்டே சாட்சி. யாருடைய தயவும் வேண்டாம். அதற்கு எனக்கு ஒரு வரி டைப் அடிக்கிற வேலைதான் கூடும்.

அப்புறம் தொழிலை விட்டுப் போனவர்கள் கதை. பவானிப் பக்கம் ஜமக்காளத் தறிக் குடும்பத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். கோவையில் மருதமலை ரோட்டில் இருக்கிற அரசு சட்டக் கல்லூரியில் படித்தவன். தடத்து வழக்கு என்றால் அவனுக்கு அப்படி ஒரு ஆர்வம். எங்கள் பக்கத்தில் தோட்டத்துக்குப் போகிற வண்டித் தடத்தை அடைத்துவிட்டான், கிணற்றுப் பங்கில் முறை விட மறுக்கிறான் என்று வரும் வழக்குகள் நிறைய. மேல்பார்வைக்குக் கோடும் குறுக்குக் கோடுமாகத் தெரிகிற சர்வே வரைபடத்தை வைத்துக்கொண்டு, எந்த வருடத்துப் பத்திரத்தில் எத்தனை அடித் தடம் எழுதியிருக்கிறது என்று அவனே தேடி எடுத்துக் கொடுப்பான். இரண்டாவது வருடம் அவன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர் வேலையைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டான். சட்டத்துக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. முழு நேரச் சம்பள வேலைக்குப் போனால் வக்கீல் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி, 49-ஆவது விதி. அதாவது அவன் வேலை பார்க்கிற காலம் நீதிபதித் தேர்வுக்கான மூன்று வருடத்தில் சேராது. கம்பெனியில் சட்டப் பிரிவிலேயே மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தாலும் அதே கதிதான். பிளஸ் டூ பிள்ளைகளுக்கான பக்கத்தில் நீதிபதி, கம்பெனி சட்ட ஆலோசகர் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டிருந்தீர்களே, ஒன்றுக்குள் போனால் இன்னொன்றின் கதவு சாத்திக்கொள்ளும் என்பதைச் சொல்ல வேண்டாமா?

அந்தத் தம்பி ஒரு நாள் கடைக்கு வந்தபோது சொன்னதைக் கேட்டு எனக்கு ஆத்திரமே வந்தது. அவன் இருக்கிற கம்பெனியில் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒருவர் சரக்கில் குறை சொல்லிப் பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டாராம். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், தகராறு வந்தால் வெளிநாட்டில் மத்தியஸ்தம் என்று எழுதியிருக்கிறது. முதலாளி படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு சென்னையிலிருந்து வக்கீல் வைத்தார்கள். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி என்னக் கேட்டிருந்தா நானே சொல்லிருப்பனுங்க்கா. நான் பட்டன் கலர் சரியா இருக்குதான்னு பாத்துட்டு இருந்தனுங்க" என்றான். சட்டம் படித்தவனை உள்ளேயே வைத்துக்கொண்டு, சட்டத்துக்கு ஆள் தேடி ரயில் ஏறியிருக்கிறார்கள்.

கொங்கு நாட்டில் வக்கீலுக்கு வேலை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாலே தெரியும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரியும் ரிக் வண்டியும் ஓடுகிற ஊர்களில் விபத்து வழக்கும் ஃபைனான்ஸ் வழக்கும் ஓயாது. பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு 1989-இல் தமிழகத்தில் வந்து, 2005-இல் நாடு முழுவதும் வந்த பிறகு, அண்ணன் தம்பி மட்டும் பிரித்துக்கொண்ட பழைய பாகப் பத்திரங்கள் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகளில் பணம் போட்டு ஏமாந்தவர்கள், முதலீட்டு மோசடி வழக்குகளைப் பார்க்கிற கோவை டான்பிட் கோர்ட்டுக்கு நடந்த நடை எங்களுக்கு மறக்காது. அந்த மக்களில் பாதிப் பேருக்குத் தங்கள் புகாரை ஒழுங்காக எழுதிக் கொடுக்கக்கூட ஆள் கிடைக்கவில்லை.

கோர்ட்டுக்கு வராத வேலை அதைவிட அதிகம். சிறு தொழில் செய்கிறவருக்குச் சரக்கு வாங்கினவர், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது, இழுத்தால் ரிசர்வ் பாங்க் விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ஆம் வருடத்துச் சட்டம் சொல்கிறது. அதற்காக வசதியாக்கக் கவுன்சில் கோவையிலேயே இருக்கிறது. விசைத்தறி, சாயப்பட்டறை, ஃபவுண்டரி, பம்ப் செட் உதிரிபாகம் செய்கிறவர்களில் எத்தனை பேர் அங்கே போயிருப்பார்கள்? பாக்கியை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஃபோன் மேல் ஃபோன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு, இன்வாய்ஸ், டெலிவரி சலான் மூன்றையும் சேர்த்து ஆன்லைனில் மனுப் போட ஒரு ஜூனியருக்கு ஒரு நாள் வேலை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள் குழு கட்டாயம் என்று 2013-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. குழுவில் வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிகளும் மில்களும் இங்கே எத்தனை? 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. பழைய பணி ஆணை, சம்பளச் சீட்டு, ஒப்பந்தக்காரர் அக்ரிமெண்ட் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். சாயக் கழிவு வழக்கில் 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்தது. நொய்யல் விவசாயிகள் பக்கமும் சரி, பட்டறைக்காரர்கள் பக்கமும் சரி, சுற்றுச்சூழல் சட்டம் தெரிந்த வக்கீல் தேவை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஈரோடு மஞ்சளுக்கும் பவானி ஜமக்காளத்துக்கும் கோவை கிரைண்டருக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வேறு ஊர்ச் சரக்கை அந்தப் பெயரில் விற்கிறவனுக்கு நோட்டீஸ் அனுப்புவதும் வக்கீல் வேலைதானே.

இந்த வேலைகளையும் அந்தப் பசித்த மூன்று வருடத்தையும் சேர்த்து முடிச்சுப் போட ஒரு வழி இருக்கிறது. அதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். மாதச் சம்பள ஊழியராக வைத்தால்தான் 49-ஆவது விதி குறுக்கே வரும். ரீடெய்னர் என்று மாதம் ஒரு தொகை பேசிக்கொண்டு, தேவைப்படும்போது ஆலோசனை கேட்டால் தடை இல்லை. வக்கீல் வக்கீலாகவே இருப்பார், கோர்ட்டுக்கும் போவார், மூன்று வருடக் கணக்கும் ஓடும். ஒரு தறிக் கூடமோ எண்ணெய் மில்லோ மாதம் 4,000 ரூபாய் ஒரு இளம் வக்கீலுக்குக் கொடுத்து, வருகிற ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லு, பாக்கிக்கு நோட்டீஸ் போடு, லேபர் ஆபீஸ் கடிதத்துக்குப் பதில் எழுது என்று கேட்டால் போதும். அப்படி மூன்று நான்கு இடம் கிடைத்தால் அந்தப் பிள்ளை வீட்டில் கை ஏந்த வேண்டாம். ஆடிட்டருக்கு மாதா மாதம் கொடுக்கிறார்கள், யாரும் அதிகம் என்று சொல்வதில்லை. வக்கீலை மட்டும் கழுத்துக்குக் கத்தி வந்த பிறகு தேடுகிறார்கள். தொழில் சங்கங்கள் நினைத்தால் உறுப்பினர்களைச் சேர்த்து இதை ஒரு வாரத்தில் ஏற்பாடு செய்யலாம். சீனியர் மேற்பார்வையில் செய்தால் தவறு நடக்கவும் வாய்ப்புக் குறைவு.

மற்ற வேலைகளைப் பற்றி உங்கள் பக்கத்தில் விட்டுப்போனதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏ.பி.பி. என்கிற அரசு உதவி வழக்கு நடத்துநர் வேலைக்கு ஐந்து வருடம் கிரிமினல் கோர்ட் அனுபவம் வேண்டும். ஐ.பி.பி.எஸ். நடத்துகிற வங்கி சட்ட அதிகாரித் தேர்வுக்குப் பட்டத்தோடு வழக்கறிஞராகப் பதிவும் வேண்டும், 30 வயதுக்குள் எழுத வேண்டும் (பொதுப் பிரிவுக்கு). நோட்டரி ஆகப் பத்து வருடத் தொழில், பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஏழு வருடம். புதியவர்களுக்கு உடனே பயன்படக்கூடியது, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2022-இல் கொண்டுவந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டம். வக்கீல் வைக்க வசதியில்லாத கைதிகளுக்காக முழு நேரமாக வேலை செய்ய வேண்டும், மாதாமாதம் பணம் வரும், உதவி நிலைக்கு மூன்று வருடத்துக்குள் அனுபவம் இருப்பவர்களையே எடுக்கிறார்கள். இடங்கள் குறைவு, அறிவிப்பு வந்தது தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். ராணுவத்தின் சட்டப் பிரிவுக்குப் பெண்களும் போகலாம் என்பதை நான் சொல்லித்தான் இங்கே இரண்டு பிள்ளைகளுக்குத் தெரியும்.

பதிவுக் கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜூலை 30-இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்தான் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன் பல மாநிலங்களில் 15,000 முதல் 40,000 ரூபாய்க்கு மேல் வரை வாங்கினார்கள். வட்டிக்கு வாங்கிக் கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். யாராவது இன்னும் பழைய தொகையை மனதில் வைத்துப் பதிவைத் தள்ளிப் போட்டிருந்தால், தள்ளிப் போட வேண்டாம். மூன்று வருடக் கணக்கு பதிவு நாளில் தொடங்குகிறது.

பெண் பிள்ளைகள் விஷயம் தனி. கோர்ட் சாயங்காலம் முடிந்த பிறகுதான் சீனியர் ஆபீஸில் நிஜமான வேலை தொடங்கும். கட்சிக்காரர்கள் வருவதே ஏழு மணிக்கு மேல். டிராஃப்ட் எழுதக் கற்றுக்கொள்வதும் அந்த நேரத்தில்தான். கிராமத்துக்குக் கடைசி பஸ் எட்டரைக்கு என்றால், அந்தப் பெண் கற்றுக்கொள்வது பாதியில் நிற்கும். வீட்டில் "சம்பளமும் இல்ல, நேரத்துக்கு வரதும் இல்ல, என்ன அம்மிணி படிப்பு இது?" என்று கேட்கத் தொடங்குவார்கள். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். என் அண்ணன் மகளும் சட்டம் நான்காம் வருடம் படிக்கிறாள், அதனால் இது என் வீட்டுக் கவலையும்தான். சாயங்கால வேலையை நாலு மணியிலிருந்து ஆறரைக்குள் மாற்றிக்கொண்ட ஒரு பெண் சீனியர் இங்கே இருக்கிறார். அவரிடம் இப்போது மூன்று பெண் ஜூனியர்கள், மூவரும் கல்யாணத்துக்குப் பிறகும் தொழிலில் இருக்கிறார்கள். நேரத்தை மாற்றியதால் அவருக்குக் கட்சிக்காரர்கள் குறைந்ததாகத் தெரியவில்லை.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைகள் எங்கள் கோர்ட்டில் நன்றாகவே செய்கிறார்கள். பிராதும் சாட்சியமும் தமிழில்தானே. ஆனால் கம்பெனி ஒப்பந்தமும் உயர் நீதிமன்ற மனுவும் இங்கிலீஷில். நீதிபதித் தேர்விலேயே மொழிபெயர்ப்புக்கு ஒரு தாள் இருக்கிறது. கோவை, சேலம், நாமக்கல் என்று நம் பக்கத்திலேயே அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. கடைசி இரண்டு வருடம் வாரம் ஒரு நாள் உட்கார வைத்து, ஒரு வாடகை ஒப்பந்தம், ஒரு சப்ளை ஒப்பந்தம், ஒரு செக் நோட்டீஸ் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுத வைக்க முடியாதா? பட்டம் வாங்கிய பிறகு என் கடையில் வந்துதான் பலர் முதல் நோட்டீஸின் வடிவத்தையே பார்க்கிறார்கள். நான் சந்தோஷமாகக் காட்டுகிறேன். ஆனால் அது டைப்பிஸ்ட் சொல்லிக்கொடுக்க வேண்டியது இல்லை.

பவானிக்குப் பக்கத்தில் காடப்பநல்லூர் விவசாயக் குடும்பத்திலிருந்து போன நீதிபதி சதாசிவம் 2013-இல் இந்தியாவின் தலைமை நீதிபதி ஆனார். ஈரோட்டில் பிறந்த நீதிபதி சுந்தரேஷ் 2021-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். எங்கள் ஜூனியர்களுக்கு இந்தப் பெயர்கள் மனப்பாடம். நாளைக்கு அப்படிப் போகக்கூடிய பிள்ளைகள் இப்போதும் இங்கே இருக்கிறார்கள் என்று நான் மனதார நம்புகிறேன். அதில் ஒருவன் திருப்பூரில் பட்டன் கலர் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆகவே தமிழ்நாடு பார் கவுன்சில் 15,000 ரூபாயைப் பரிந்துரையாக விட்டுவிடாமல், பாங்கு மூலம் கொடுத்ததற்குக் கணக்குக் கேட்க வேண்டும். வக்காலத்தில் ஜூனியர் பெயரைக் கட்டாயம் ஆக்க வேண்டும். அரசு, உதவித்தொகையை உயர்த்தி மூன்றாவது வருடத்துக்கும் நீட்ட வேண்டும். திருப்பூர், ஈரோடு, கோவைத் தொழில் சங்கங்கள் ரீடெய்னர் ஏற்பாட்டைப் பற்றி வழக்கறிஞர் சங்கங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அடுத்த முறை வழிகாட்டிப் பக்கம் போடும்போது, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை வருட அனுபவம், எந்தத் தேர்வு, வழக்கறிஞர் பதிவை வைத்துக்கொள்ளலாமா நிறுத்த வேண்டுமா, அதுவரை மாதம் என்ன கிடைக்கும் என்று சேர்த்துப் போடுங்கள். விவரம் வேண்டுமென்றால் சொல்லுங்கள். கோபி, பவானி, சத்தி, பெருந்துறை ஜூனியர்களிடம் கேட்டு, நானே டைப் அடித்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
கோர்ட் பக்கத்து டைப்பிங் கடை வாசகி,
கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.